எங்கள் ஊர்த் தண்ணீரின் கொதிநிலை

“தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்மா?” என்று கேட்டேன்.

“புஸ்தகத்துலயா டீச்சர், இங்கயா?” என்றாள் அவள்.

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரிப் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினேன். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன். இந்த இரண்டுக்கும் பயப்படாத மாணவர் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

“கண்ணாடி வழுக்குதா டீச்சர்? மூக்குல பவுடர் போட்டா நிக்காது,” என்றாள்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாள். பகலெல்லாம் படுக்கை மாற்றி, ஜுரம் பார்த்து எழுதிவிட்டு, மாலையில் இந்தப் பள்ளிக்கு வருகிறாள். வேலைக்குப் போகிறவர்களுக்காக நடக்கும் மாலைப் பள்ளி இது. மொத்தம் இருபத்துமூன்று பேர். தையல்காரர், வெல்டர், பஸ் ஓட்டுகிறவர், பேக்கரியில் மாவு பிசைகிறவர் என்று எல்லாரும் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

இங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். நிர்வாகி எனக்குப் போன் செய்தார். “ஒரே ஒரு வாரம் டீச்சர். வியாழக்கிழமை வெளியிலேருந்து தேர்வாளர் வர்றார். அதுக்குள்ள ரெக்கார்டு நோட்டெல்லாம் பார்த்துக் கையெழுத்து போட்டா போதும்.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கால் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

“போ, போ,” என்றார் வீட்டுக்காரர். “பதிமூணு வருஷமா நான் துணி மடிக்கிறதுல தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கே. கொஞ்ச நாள் அவங்களும் வாங்கிக்கட்டும்.”

எனக்கு ஒரு புத்தகம் உண்டு. புத்தகம் என்று சொல்வது நான். வீட்டுக்காரர் ‘அந்தப் பதினாறு பக்கம்’ என்பார். ‘செய்முறைப் பதிவேடு எழுதும் முறை’ என்பது தலைப்பு. நோக்கம், தேவையானவை, செய்முறை, காண்பன, அறிவன, முடிவு என்று எதை எங்கே எழுத வேண்டும், படத்தை எந்தப் பக்கத்தில் பென்சிலால் போட வேண்டும், ஓரத்தில் எத்தனை விரல்கடை விட வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு வாக்கியம்: “‘நான்’ என்ற சொல்லைச் செருப்போடு ஆய்வகத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரவும்.” அந்த வாக்கியத்தை எழுதிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு பெருமை. ஒன்பதாம் பக்கத்தில் மாதிரிப் பதிவு: ‘நீரின் கொதிநிலையைக் கண்டறிதல்.’ கடைசி வரி, ‘முடிவு: நீரின் கொதிநிலை 100 டிகிரி எனக் கண்டறியப்பட்டது.’

ஊரில் இன்றைக்கும் அதை நகலெடுத்துத்தான் படிக்கிறார்கள். திங்கட்கிழமை மாலை முதல் நோட்டைத் திறந்ததும் அந்தக் கடைசி வரி என்னைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாவது நோட்டிலும் அதேதான். இருபத்திரண்டு நோட்டுகளில் இருபத்திரண்டு முறை என்னையே படித்து, ‘சரி, மிக நன்று’ என்று எனக்கே போட்டுக்கொண்டேன்.

இருபத்துமூன்றாவது நோட்டு வார்டுக்காரியுடையது. அதில் இப்படி இருந்தது:

“மாலை 6.20. தண்ணீர் நன்றாகக் கொதிக்கிறது. நான் பார்த்தது 97. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். 97. வேறு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன். 97. ஆய்வக உதவியாளர் அண்ணன், ‘பேசாம நூறுன்னு எழுதிக்கம்மா, எல்லாரும் அப்படித்தான்’ என்றார். எழுதவில்லை. முடிவு: 97.”

பதிவேட்டில் ‘நான்’! பதிவேட்டில் ஓர் அண்ணன்! அந்த அண்ணன் வாயைத் திறந்து பேசவும் செய்கிறார்! பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, ‘தவறு. திரும்ப எழுதவும்’ என்று எழுதி, செவ்வாய்க்கிழமை அவளை மேசைக்குக் கூப்பிட்டேன். அப்போதுதான் அந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன.

“இங்கயும் அங்கயும் எல்லா இடத்துலயும் தண்ணி நூறுலதான் கொதிக்கும்,” என்றேன். “நீ சரியாப் பார்க்கலை. கண்ணை அளவுக்கு நேரா வைச்சியா?”

“வைச்சேன் டீச்சர்.”

“தெர்மாமீட்டர் குமிழ் பாத்திரத்துல பட்டுதா?”

“படலை டீச்சர்.”

“அப்ப ஏன் தொண்ணூத்தேழு?”

“அதை நீங்கதான் சொல்லணும் டீச்சர். எனக்குக் காட்டினதை எழுதத்தான் தெரியும்.” அவள் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். “எங்க வார்டுல மூணாம் படுக்கைக்காரருக்கு நூத்திமூணு காட்டுதுன்னு வைங்க. ‘மனுஷ உடம்புக்கு தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுதானே’ன்னு நான் அதையே அட்டையில எழுதிட்டா? காலையில டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிடுவார். சாயங்காலம் என்னை அனுப்பிடுவாங்க.”

“இது ஆஸ்பத்திரி இல்லைம்மா. இது ரெக்கார்டு நோட்டு.”

“ரெண்டுமே எழுதி வைக்கிறதுதானே டீச்சர்?”

பதில் சொல்லத் தெரியாதபோது கண்டிப்பாக இருந்துவிடுவது என் பழக்கம். “நூறுன்னு மாத்தி எழுதிட்டு வா, கையெழுத்து போடறேன். இல்லேன்னா வியாழக்கிழமை தேர்வுக்குள்ளயே விட மாட்டாங்க.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “இந்தப் பரிட்சை முடிச்சாத்தான் நர்ஸ் படிப்புக்கு எடுத்துப்பாங்க. அடுத்த வருஷம்னா எனக்கு வயசு தாண்டிடும். பதினொரு வருஷமா அடுத்தவங்க சொன்ன இடத்துல மருந்துத் தட்டை வைச்சிட்டு நிக்கிறேன் டீச்சர். போகட்டும். ஆனா நான் பார்க்காத நம்பரை எழுத மாட்டேன். நீங்களே ஒரு தடவை கொதிக்க வைச்சுப் பாருங்க. நூறு வந்தா அடிச்சிட்டு எழுதறேன்.”

“பீக்கர்!” என்று கத்தினேன்.

கத்தியது உதவியாளரை. என்னோடு பகல் பள்ளியில் வேலை பார்த்தவர்தான். இப்போது மாலையில் இங்கே. கால் லிட்டர் பீக்கரில் டீ குடிப்பார், அதனால் அந்தப் பெயர்.

“தண்ணி வை. புதுத் தெர்மாமீட்டரா எடு. இந்த அம்மாவுக்குப் பார்க்கச் சொல்லித் தர்றேன்.”

அடுப்பைப் பற்ற வைத்தார். தாங்கியில் தெர்மாமீட்டரைப் பொருத்தினார். தண்ணீர் முணுமுணுத்து, பொருமி, பிறகு தளதளவென்று கொதித்தது. நான் குனிந்து கண்ணை அளவுக்கு நேராக வைத்தேன்.

தொண்ணூற்றேழு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். தொண்ணூற்றேழு. இடது கண்ணில் புரை இருக்கிறது. அதை மூடிக்கொண்டு பார்த்தேன். “நீ பாரு பீக்கர்.”

அவர் பார்க்கக்கூட இல்லை. “தொண்ணூத்தேழுதான் டீச்சரம்மா.”

“பார்க்காமலே சொல்றே?”

“தினம் ரெண்டு வேளை டீ போடறேனே. எப்பவும் இதுதான். நாம வாங்கின தெர்மாமீட்டர் எல்லாமே மட்டம்னு நீங்கதானே சொல்லுவீங்க. வருஷா வருஷம் ஒதுக்கி வைச்சிட்டுப் புதுசு வாங்குவோமே, ஞாபகம் இல்லையா?”

இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இருபத்தைந்து வயதில், நானே கொதிக்க வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு காட்டியது. அன்றைக்கு எனக்கு இரண்டு வழி இருந்தது: புத்தகத்தைச் சந்தேகிக்கலாம், தெர்மாமீட்டரைச் சந்தேகிக்கலாம். தெர்மாமீட்டர்தான் இளிச்சவாய்; வெறும் கண்ணாடி, திருப்பிப் பேசாது. அதைத் தூக்கி அலமாரியில் போட்டேன். அதற்குப் பிறகு நான் கொதிக்கும் தண்ணீரைப் பார்க்கவே இல்லை; எந்தப் பிள்ளையாவது தொண்ணூற்றேழு என்றால் அந்தத் தெர்மாமீட்டரும் அலமாரிக்குப் போகும். நோட்டை மட்டும் பார்த்தேன். விற்பனைக்காரருக்கு ‘தங்கள் பொருளின் தரம் வருந்தத்தக்கது’ என்று எத்தனை கடிதம்! மனிதர் கடைசியில் எங்கள் பள்ளிக்கு வருவதையே விட்டுவிட்டார்.

“ஒதுக்கினதெல்லாம் எங்கே?” என்று கேட்டேன்.

“பகல் பள்ளியில இடமில்லைன்னு இங்கதான் அனுப்பி வைச்சாங்க.” பின்பக்கத்து அலமாரியைத் திறந்தார். அட்டைப்பெட்டிகளில் ‘பழுது’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. எண்ணினோம். அறுபத்தொன்று.

ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். வார்டுக்காரி ஒரு தாளில் வரிசை எண் போட்டு, நேரம் போட்டு எழுதினாள். நான் வாசித்தேன், பீக்கர் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒன்று தொண்ணூற்றாறரை காட்டியது. இரண்டு தொண்ணூற்றேழரை. ஒன்றில் பாதரசம் பிரிந்துபோய் எதையுமே காட்டவில்லை. மீதி ஐம்பத்தேழும் தொண்ணூற்றேழு.

“அறுபது பேர் ஒண்ணு சேர்ந்து பொய் சொல்லுவாங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

“சொல்ல மாட்டாங்க,” என்றேன். “ஆனா ஏன்?”

“காரணம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. எங்கம்மா வீடு கீழ, கடலோரம். அங்க பயறு போட்டா அரை மணியில குழைஞ்சிடும். கல்யாணமாகி இங்க வந்த புதுசுல முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பயறு பழசுன்னு கடைக்காரரோட ஒரே சண்டை. அப்புறம் பார்த்தா எந்தக் கடைப் பயறும் அப்படித்தான். இந்த மலைக்கே அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.”

பீக்கர் அடுப்பை அணைத்தார். அந்த அமைதியில் என் தலைக்குள் ஒரு வகுப்பறை பேசியது. “மலைமேல் சமைக்க ஏன் அதிக நேரமாகிறது?” என்று நான் கேட்கிறேன். “உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும், டீச்சர்!” என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிறார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி. வருடா வருடம் ஜூலையில் அதை நடத்துவேன். ஆகஸ்டில் ‘நூறு’ என்று கையெழுத்துப் போடுவேன். புத்தகத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு படம் உண்டு. பனி மூடிய சிகரம், கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், பக்கத்தில் ஒரு பாத்திரம். அந்தப் படத்தில் என் வீட்டு அடுப்படி இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ் நிலையத்தில் ஒரு பலகை இருக்கிறது. ஊர்ப் பெயரும், அதற்குக் கீழே ‘கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர்’ என்றும் எழுதியிருக்கும். முப்பத்து நான்கு வருடம் அந்தப் பலகையில்தான் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

விளக்கிச் சொன்னேன். வார்டுக்காரி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “அப்ப கையெழுத்து போட்டுடுவீங்களா டீச்சர்?” என்றாள்.

“போடுவேன். அதனால மட்டும் ஆகாது. தேர்வாளர் கீழேருந்து வர்றவர். அச்சடிச்ச விடைத்தாள் வைச்சிருப்பார். இருபத்திரண்டு பேர் நூறு, நீ மட்டும் தொண்ணூத்தேழுன்னா யாரைத் தப்புன்னு நினைப்பார்?”

“அப்ப என்ன பண்றது?”

“நான் ஒரு குறிப்பு எழுதறேன்.” பேனாவை எடுத்து எழுதி, வாசித்தும் காட்டினேன்: “‘இவ்வாய்வகத்தில் பல்லாண்டுகளாக, உயரத்தின் விளைவு கருத்தில் கொள்ளப்படாமல், பிழையான முடிவு பதிவு செய்யப்பட்டு வந்துள்ளது.’”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரு பதிவு செஞ்சாங்கன்னு கேப்பாரே?” என்றாள்.

“என்னைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சிடப் போறார்,” என்றார் பீக்கர். “டீச்சரம்மா, எனக்கு இன்னும் எட்டு மாசம் சர்வீஸ் இருக்கு.”

தாளைக் கசக்கினேன். நோட்டிலேயே, என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினேன்: “மேலே உள்ள கோடு நான் போட்டது. தவறு என்னுடையது. நானும் கொதிக்க வைத்துப் பார்த்தேன், 97. ஊர் உயரத்தில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் பார்க்காமல் நூறு என்று கையெழுத்திட்டேன். இவர் பார்த்து எழுதியிருக்கிறார்.” கையெழுத்து, தேதி. நேரமும் போட்டேன், அவளிடமிருந்து தொற்றிக்கொண்டது.

வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் தட்டில் பயற்றை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கும் கல்லு.”

“இந்த ஊர்ல தண்ணி தொண்ணூத்தேழுலயே கொதிச்சிடுதுங்க. அதான் வேகறதில்லை. நான் காரணமில்லை.”

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். “இதை நாப்பது வருஷம் கழிச்சுச் சொல்றே. நீ சயின்ஸ் டீச்சர்.”

“ஆமாங்க.”

“நல்லவேளை, டாக்டருக்குப் படிக்கலை.”

புதன்கிழமை மற்ற இருபத்திரண்டு பேரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். தண்ணீருக்கு முன்னால் அவர்கள் கொதித்தார்கள். “கையெழுத்து ஆன நோட்டு டீச்சர், கிளறாதீங்க,” என்றார் வெல்டர். “நூறுன்னு எழுதினா உங்க மேல பழி, தொண்ணூத்தேழுன்னு எழுதினா எங்க மேல,” என்றார் தையல்காரர். நியாயம்தான். கடைசியில் பஸ் ஓட்டுகிறவர் எழுந்தார். “நான் தினம் மேல ஏத்தி கீழ இறக்கறேன். ரேடியேட்டர் இங்கதான் சீக்கிரம் பொங்குது. டீச்சர் சொல்றது சரி.” அதன் பிறகு எல்லாரும் கொதிக்க வைத்தார்கள். நூறை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள். அழிப்பானைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குச் சொன்னது நான் இல்லை. வார்டுக்காரி. “அட்டையில அழிச்சா ஏதோ மறைக்கறோம்னு அர்த்தம்,” என்றாள். என் பதினாறு பக்கத்தில் எந்த அழிப்பான் நல்லது என்று ஒரு பத்தி இருக்கிறது.

வியாழக்கிழமை வந்த தேர்வாளர் இளைஞர். மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் வெளிறிப்போயிருந்தார். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் வார்டுக்காரியின் நோட்டில் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். விடைத்தாளைப் பார்த்தார். திரும்ப நோட்டைப் பார்த்தார். பிறகு பீக்கர் வந்து, “கூப்பிடறார் டீச்சரம்மா,” என்றார்.

“இந்தக் குறிப்பை எழுதினது யாருங்க?”

“நான்தான்.”

“பதிவேட்டுல ‘நான்’னு எழுதலாமா?” அவர் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். ஓரம் மடங்கி, பழுப்பேறி இருந்தது. என் பதினாறு பக்கம்! கீழேயும் போயிருக்கிறது! “இதுல மூணாம் பக்கம் பாருங்க. ‘நான் என்ற சொல்லைச் செருப்போடு’ன்னு...”

“தெரியும் தம்பி. அதை எழுதினவளுக்கு அப்ப விவரம் பத்தாது.”

அவர் நகலின் முகப்பைப் பார்த்தார், குறிப்பின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருமினார். வார்டுக்காரியிடம் திரும்பி, “செஞ்சு காட்டுங்கம்மா,” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அறுபது சாட்சிகள் இருந்தும், இன்றைக்குப் பார்த்து இந்தத் தண்ணீர் நூறைக் காட்டிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். என் ராசி அப்படி. தண்ணீர் கொதித்தது. அவள் தள்ளி நின்று, “நீங்களே பாருங்க சார்,” என்றாள்.

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தெர்மாமீட்டர் பழுதா இருக்குமோ?” என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பீக்கர் போய் அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். வார்டுக்காரி அறுபத்தொரு வரிகள் கொண்ட தாளை நீட்டினாள். தேர்வாளர் நான்கு தெர்மாமீட்டர்களைத் தானே மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு தன் அச்சடித்த விடைத்தாளில் நூறு என்பதற்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டார்.

மதிப்பெண் தாள் வெளியே வந்தபோது வார்டுக்காரிக்கு முப்பதுக்கு இருபத்தொன்பது.

“ஒண்ணு எங்க போச்சு சார்?” என்று நான் கேட்டுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உதவியாளர் பேசினதை எழுதியிருக்காங்க. அது தேவையில்லாதது.”

“அது சாட்சி தம்பி! அதை எடுத்துட்டா, எல்லாரும் ஏன் நூறுன்னு எழுதினாங்கன்னே தெரியாதே!”

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. திங்கட்கிழமை இதே வரிக்காக நான் முப்பதையுமே வெட்டியிருந்தேன். இவர் பரவாயில்லை.

“விடுங்க டீச்சர், பாஸ்தானே,” என்றாள். “இருபத்தொம்பது போதும். இன்னிக்கு எனக்கு நைட் டூட்டி, ஏழு மணிக்கு வார்டுல ஜுரம் பார்க்கணும்.” படிக்கட்டில் இறங்கியவள் திரும்பி நின்றாள். “நர்ஸ் படிப்புலயும் ரெக்கார்டு நோட்டு உண்டாம். எழுதினா உங்ககிட்ட காட்டட்டுமா?”

“வேண்டாம்மா,” என்றேன். “நான் கெடுத்துடுவேன்.”

சிரித்துக்கொண்டே ஓடினாள்.

ஆய்வகத்தில் பீக்கர் பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பெட்டிகளோடு பகல் பள்ளியிலிருந்து வந்த பழைய இருப்புப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். ‘பழுது’ என்று என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்த வரிகளை ஒற்றைக் கோட்டால் அடித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

“ஏன் திருத்தறோம்னு குறிப்பு எழுதணுமே. என்ன போட, டீச்சரம்மா?”

பேனாவை வாங்கி நானே எழுதினேன்: “தெர்மாமீட்டர்கள் 60, நல்ல நிலையில் உள்ளன. பழுது ஆசிரியையிடம்.”

பீக்கர் எட்டிப் பார்த்து வாசித்தார். “நேரம் போடலையே,” என்றார்.

6.40 என்று போட்டேன்.